உயிர்க்கல்லும் உப்புநீர்த் தொட்டியும்: வீட்டில் முருகைத் தொட்டி அமைக்க விரும்புவோர் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரையாளர் தமது வீட்டில் கடல்மீன் தொட்டியொன்றை அமைத்தார். கண்ணாடித் தொட்டி, உப்பு, சில கற்கள், ஐந்து மீன்கள் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கப்பட்டன. அன்று மாலையே மீன்கள் தொட்டிக்குள் விடப்பட்டன. எட்டாம் நாள் ஒரு மீனேனும் எஞ்சியிருக்கவில்லை. விற்றவரிடம் முறையிட்டபோது, 'ஏதோ நோய்' என்ற விளக்கமும் அதற்கான மருந்துப் போத்தலொன்றும் கிடைத்தன. மீன்களைக் கொன்றது நோயன்று, அவற்றின் சொந்தக் கழிவிலிருந்து தோன்றிய அமோனியாவே என்பதை விளங்கிக்கொள்ள மேலும் பல மாதங்கள் சென்றன.

இந்த அனுபவம் அவருக்கு மாத்திரம் உரியதன்று. கடல்மீன் வளர்க்கத் தொடங்குவோரில் பலர் முதலாம் மாதத்திலேயே மீன்களை இழந்து மனமுடைந்து தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். பிழை பெரும்பாலும் மீனிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை. தொட்டிக்குள் வைக்கப்படும் கல்லை வெறும் அலங்காரப் பொருளாகக் கருதுவதே பிழை. முருகைத் தொட்டியில் கல் என்பது மனித உடலின் சிறுநீரகத்துக்கு ஒப்பானது. அது வேலை செய்யத் தொடங்கும் முன்னர் அங்கு எவ்வுயிரும் நெடுநாள் வாழ இயலாது.

'லைவ் ரொக்' என வழங்கப்படும் உயிர்க்கல் உண்மையில் உயிருள்ள கல் அன்று. இறந்துபோன முருகைகளின் சுண்ணாம்புக் கூடுகள் காலப்போக்கில் இறுகி, துளைகளும் இடுக்குகளும் நிறைந்த பாறைத் துண்டுகளாகின்றன. அத்துளைகளில் பற்றீரியாக்கள், கடற்பஞ்சுகள், புழுக்கள், சிறு நண்டுகள், அல்காக்கள் என எண்ணற்ற உயிர்கள் குடிகொள்கின்றன. கல்லுக்குப் பெயர் தந்தது இக்குடியிருப்பே.

இக்குடியிருப்பில் எமது கண்ணுக்குப் புலப்படாதவையே முதன்மையானவை. மீன் வெளியேற்றும் கழிவும், உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றன. மிகச் சிறிய அளவிலேயே அது மீனின் பூக்களைப் பாதிக்கின்ற நஞ்சாகும். கல்லின் மேற்பரப்பில் ஒட்சிசன் நிறைந்த இடங்களில் வாழும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றது. அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றது. ஒலியில் நெருங்கிய பெயர்கள் எனினும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலானது. நைத்திரேற்றை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். கல்லின் ஆழத்தில், ஒட்சிசன் எட்டாத நுண்துளைகளில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றையும் சிதைத்து நைதரசன் வாயுவாக்கி வளிமண்டலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஒரே கல்லின் புறமும் அகமும் இவ்வாறு எதிரெதிரான இரு தொழில்களைப் புரிகின்றன. செறிந்த, துளையற்ற கருங்கல் இதற்கு உதவாமைக்குக் காரணம் இதுவே.

கல்லின் இந்த ஆற்றலை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் ஆவார். இரசாயனமோ சிக்கலான வடிகட்டிகளோ இன்றி, கடல்நீர், உயிர்க்கல், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக்குமிழ்கள் ஆகியவற்றை மாத்திரம் கொண்டு தாம் முருகைகளை வளர்த்த விதத்தை 1961 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் அவர் விபரித்தார். கடல் அருகில் இல்லாத நாடுகளில் அம்முறையைப் பின்பற்ற முயன்றோர் பலர் தோல்வியுற்றனர். பின்னர் ஜேர்மனியில் உயிர்க்கல்லுடன் வலுவான நீரோட்டத்தையும், கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் கருவியையும் இணைத்து உருவான முறை 'பேர்லின் முறை' எனப் பெயர்பெற்றது. இன்று உலகெங்கும் உள்ள வீட்டு முருகைத் தொட்டிகளில் மிகப் பல இவ்வழியில் வந்தவையே.

அவ்வாறாயின் அந்தக் கல்லை எங்கே பெறுவது? கடலால் சூழப்பட்ட நாட்டில் வாழும் எமக்கு இதற்கான விடை எளிதாகத் தோன்றலாம். பாசிக்குடாவிலோ, திருகோணமலையிலோ, கற்பிட்டியிலோ இடுப்பளவு நீரில் இறங்கினால் கல் கிடைக்கும் என எண்ணுவோர் உளர். அதனைச் சட்டம் தடுக்கின்றது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, கரையோர வலயத்தினுள் முருகைக்கல்லை அகழ்தல், சேகரித்தல், உடைமையில் வைத்திருத்தல், எரித்தல், கொண்டுசெல்லல் ஆகிய அனைத்தும் தடைசெய்யப்பட்டன. தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் கல்முருகைகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் சமவாயத்திலும் அவை இடம்பெற்றுள்ளன. ஆகவே வெளிநாட்டிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவருவதற்கும் உரிய ஆவணங்கள் இருத்தல் வேண்டும்.

சட்டம் வெறும் காகிதத்துக்காக இயற்றப்பட்டதன்று. எமது பழைய வீடுகள் பலவற்றின் சுவர்களில் உள்ள சுண்ணாம்புச் சாந்து கடலிலிருந்து வந்தது. தென்மேற்குக் கரையிலும் கிழக்கிலும் சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் நெடுங்காலம் வெட்டப்பட்டது. உருண்டையாக வளரும் முருகையொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றது. கோடரியின் சில வீச்சுக்கள் அழிப்பதை மீட்பதற்குக் கடலுக்கு ஒரு மனித ஆயுள் தேவைப்படுகின்றது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது இதன் விலை என்னவென்ற கேள்வி எழுந்தது. ஹிக்கடுவையில் பேரலை சில பத்து மீற்றர்களுடன் நின்றதாகவும், முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலியவில் அது ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உள்ளே புகுந்து புகையிரதத்தைப் புரட்டியதாகவும் 2005 இல் ஆய்வாளர்கள் எழுதினர். வேறு நாடுகளின் கரைகளை ஆராய்ந்தோர், கடலடியின் அமைப்பும் கரையின் உயரமுமே கூடுதலான பங்கை வகித்தன என வாதிட்டனர். விவாதம் எவ்வாறாயினும், கரைக்கு முன்னால் நிற்கும் பாறை அன்றாட அலையின் வேகத்தைத் தணித்து மண்ணரிப்பைக் குறைக்கின்றது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஏனைய நாடுகளும் இதே முடிவுக்கு வந்துள்ளன. அமெரிக்காவின் புளோரிடாவை அண்டிய கடலில் இயற்கையான உயிர்க்கல்லை எடுப்பது 1990 களில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக, நிலத்தில் வெட்டிய சுண்ணக்கல்லைக் குத்தகைக்குப் பெற்ற கடற்படுகையில் இட்டு, உயிர்கள் குடியேறிய பின்னர் மீள எடுக்கும் தொழில் அங்கு வளர்ந்தது. நீண்டகாலம் பெருமளவில் உயிர்க்கல்லை ஏற்றுமதி செய்துவந்த பிஜித் தீவுகளும் 2017 இன் முடிவோடு அதனைத் தடைசெய்தன.

எனவே இன்று தொட்டி அமைக்க விரும்புபவருக்குப் பொருத்தமானது உலர்கல்லே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. சீமெந்தும் சுண்ணத்துகளும் கலந்து செயற்கையாக வார்க்கப்பட்ட துளைக்கல்லும், பழைய தொட்டிகளிலிருந்து பெறப்பட்டுக் கழுவி உலர்த்திய கல்லும் இதில் அடங்கும். புதிதாக வார்த்த சீமெந்துக் கல்லைப் பல வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக் காரத்தன்மையை நீக்காது பயன்படுத்தக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் உதவுமா எனச் சிலர் வினவுகின்றனர். நீருக்கு அது கேடன்று. ஆயினும் நிறை மிகுந்தும் துளை குறைந்தும் இருப்பதால் பயன் சிறிதே. அங்கும் கல் அகழ்வினால் நிலம் பட்ட பாடு வேறு கதை.

உலர்கல்லில் உயிர் இல்லை என்பது குறைபோலத் தோன்றலாம். உயிர்க்கல்லோடு அழையா விருந்தாளிகளும் வருவர் என்பதை நினைவிற் கொண்டால் அக்குறை பெரிதாகாது. கண்ணாடியில் விட்டுவிட்டு 'டக்' என்ற ஓசை கேட்டால், நத்தைகளையும் சிறு மீன்களையும் அடித்துக் கொல்லும் மன்ரிஸ் இறால் கல்லுக்குள் ஒளிந்திருக்கக்கூடும். ஐப்தாசியா எனும் சிறு கடற்சாமந்தி ஒன்று வந்தால், சில மாதங்களில் அது நூறாகும். வெட்டினால் வெட்டிய துண்டும் முளைக்கும்.

இவற்றைவிடப் பாரதூரமானது ஒன்றுண்டு. பொத்தான்களைக் கொத்தாகப் பரப்பியது போன்று கல்லின்மேல் படரும் சில மென்முருகைகளில் பலிரொக்சின் எனும் கொடிய நஞ்சு உள்ளது. அவற்றை அழிக்கும் நோக்குடன் கல்லைக் கொதிநீரில் இட்டவர்களும், கொதிநீரால் கழுவியவர்களும், ஆவியோடு நஞ்சைச் சுவாசித்துக் குடும்பத்தோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட சம்பவங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. கடலிலிருந்து வந்த எந்தக் கல்லையும் எக்காரணம் கொண்டும் வீட்டில் அவிக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் உள்ளபோது தொட்டிக்குள் கையுறையின்றிக் கைவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டியதே.

இனி நீரைப் பற்றிப் பார்ப்போம். கடற்கரைக்குச் சென்று நீரைக் கலனில் மொண்டு வருவது செலவற்ற வழியாகத் தோன்றும். ஆற்று முகத்துவாரம், துறைமுகம், களப்பு ஆகியவற்றின் அருகே எடுக்கும் நீரில் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது மேற்குக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தொட்டிக்கெனத் தயாரிக்கப்பட்ட கலவை உப்பைத் தூய நன்னீரில் கரைப்பதே நம்பகமானது. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் தேவைப்படும்.

ஆனையிறவு உப்போ புத்தளம் உப்போ இருக்கையில் வெளிநாட்டு உப்பு எதற்கு எனக் கேட்பது இயல்பு. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணப் பொருட்கள் முதலிலேயே படிந்து பிரிந்துவிடுகின்றன. பின்னர் கறியுப்பு திரள்கின்றது. மக்னீசியம் எஞ்சிய கசப்பு நீரோடு வெளியேறுகின்றது. சமையலுக்கு இது நன்மையே. முருகையோ கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு கூடு கட்டும் உயிரினம். மக்னீசியம் குறைந்தால் அவ்விரண்டும் நீரில் நிலைத்திருக்க மாட்டா. கறியுப்புக் கரைசல் உப்புக் கரிக்குமேயன்றிக் கடலாகாது.

உப்பைக் கரைக்கும் நீரும் கவனத்துக்குரியது. குழாய்நீரில் குளோரீன் உண்டு. யாழ். குடாநாட்டின் கிணற்று நீரில் சுண்ணமும், விவசாயப் பசளைகளிலிருந்து கசிந்த நைத்திரேற்றும் மிகுந்திருப்பது நன்கறியப்பட்டது. சிறுநீரக நோய் காரணமாக உலர்வலயக் கிராமங்களில் அமைக்கப்பட்ட ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையங்களை வாசகர்கள் அறிவார்கள். அவ்வாறு வடித்த நீரே தொட்டிக்கும் உகந்தது. மற்றொன்று: ஆவியாகி மறைவது நீர் மாத்திரமே, உப்பு தொட்டியிலேயே தங்குகின்றது. குறைந்த நீரை ஈடுசெய்ய நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றி ஊற்றித் தொட்டியைச் சாக்கடலாக்கியவர்கள் பலர்.

தொடக்கத்துக்கு 200 லீற்றர் தொட்டி பொருத்தமானது. சிறிய தொட்டி எளிதென்பது மாயை. நீர் குறையக் குறைய, நிகழும் பிழையின் விளைவு விரைவாகும். நீர், கல், கண்ணாடி என அனைத்தும் சேர்ந்து 250 கிலோவுக்கு மேல் நிறுக்கும் என்பதால் சாதாரண மேசைகள் தாங்கமாட்டா. இவ்வளவு நீருக்கு, துளை மிகுந்த கல்லாயின் 12 முதல் 15 கிலோகிராம் வரை போதுமானது. கற்களை மதில்போல அடுக்காது, இடையே நீர் ஓடக்கூடியவாறு குகைகளும் வளைவுகளுமாக, மணலின் மேலன்றித் தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக நிறுத்த வேண்டும். மணலுக்குள் வளை தோண்டும் மீன் அடித்தளத்தை அசைத்தால் கல் சரிந்து கண்ணாடி உடையக்கூடும்.

அதன்பின் வருவதே பொறுமையைச் சோதிக்கும் காலம். உலர்கல் இட்ட தொட்டியில் நீர்ப்பம்பிகளை இயக்கி, லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா சேருமாறு அமோனியம் குளோரைட்டைச் சேர்ப்பர். போத்தலில் விற்கப்படும் பற்றீரியாவையோ, நோயற்ற பழைய தொட்டியொன்றிலிருந்து பெற்ற சிறு கல்துண்டையோ விதையாக இடுவர். சில நாட்களில் அமோனியா குறைந்து நைத்திரைற்று உயரும். பின்னர் அதுவும் குறைந்து நைத்திரேற்று தோன்றும். மீண்டும் அதே அளவு அமோனியாவைச் சேர்த்து, 24 மணிநேரத்துக்குள் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமானால் கல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். இதற்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் செல்லும். சோதனைப் பெட்டிக்குச் செலவிடும் பணம் மீனுக்குச் செலவிடுவதிலும் முந்தியது.

ஆவணங்களோடு பெறப்பட்ட உண்மையான உயிர்க்கல்லைக் கொண்டு தொடங்குபவர் அமோனியா சேர்க்க வேண்டியதில்லை. பயணத்தில் இறந்த கடற்பஞ்சுகளும் புழுக்களும் அழுகித் தாமே போதிய அமோனியாவைத் தரும். முட்டை அழுகிய நாற்றம் நிற்கும்வரை, வெளிச்சமின்றி வலுவான நீரோட்டத்தில் தனிக் கலனில் அதனை வைத்திருப்பர். வீட்டார் முகஞ்சுளிப்பதும் இக்கட்டத்தில்தான்.

கல் உயிர்பெறும்போது அதன் தோற்றம் அழகாக இராது. முதலில் தயற்றங்கள் கபில நிறத் தூசுபோல யாவற்றையும் மூடும். அடுத்துப் பச்சைநிற மயிர்ப்பாசி எழும். இவ்விடத்தில் பலர் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, கட்டியெழுப்பிய பற்றீரியாக்களையும் அழித்துவிடுகின்றனர். தொட்டி கெட்டுவிடவில்லை, முதிர்ந்துகொண்டிருக்கின்றது. சில நத்தைகளும் துறவி நண்டுகளும் பாசியைக் கட்டுப்படுத்தும். மாதங்கள் சென்றபின் வெண்கல்லின் நிழலான பக்கத்தில் ஊதா நிறப் புள்ளியொன்று தென்படும். அது சுண்ணச்சத்தைப் படிய வைக்கும் செவ்வல்கா. கடலின் பாறைகளைப் பிணைத்துவைக்கும் இயற்கைச் சாந்தும் இதுவேயாகும்.

எமது காலநிலையில் மிகப் பெரிய எதிரி வெப்பமாகும். குளிர்நாடுகளின் கைநூல்கள் நீரைச் சூடாக்கும் கருவியைப் பற்றிப் பேசுகின்றன. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ பங்குனி, சித்திரை மாதங்களில் மூடிய அறையில் தொட்டி நீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். முருகையின் இழையங்களில் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண் அல்காக்கள் அவ்வெப்பம் நீடித்தால் வெளியேற்றப்படுகின்றன. முருகை வெளிறிப் பட்டினியால் இறக்கின்றது. 1998 இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியை அடுத்த முருகைப் பாறைகளிலும் ஆழங்குறைந்த பகுதிகளின் பெரும்பங்கு இவ்வாறே அழிந்தது. திருகோணமலையின் புறாத்தீவு அம்முறை பெரிதும் தப்பியது. தொட்டியில் 25 முதல் 27 பாகை வரை பேண வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியொன்றை வீசச் செய்தால் ஆவியாதலினால் இரண்டு, மூன்று பாகை குறையும். அதற்கும் அடங்காவிடின் குளிரூட்டி தேவை. அதன் விலையையும் மின்கட்டணத்தையும் தொட்டி வாங்கும் முன்னரே கணக்கிடுவது நன்று.

மின்சாரம் என்றதும் 2022 நினைவுக்கு வருகின்றது. நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிய அந்நாட்களில் முருகைத் தொட்டி வைத்திருந்தோர் பட்ட துன்பம் சிறிதன்று. ஓட்டம் நின்ற நீரில் முதலில் குறைவது ஒட்சிசனே. பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்று வீட்டில் இருத்தல் அவசியம்.

மீன் விடும் காலம் இவற்றுக்குப் பின்னரே வருகின்றது. தொட்டியிலேயே பொரித்து வளர்க்கப்பட்ட கோமாளி மீன் ஒன்று அல்லது ஒரு சோடி முதலில் போதும். கற்களிலுள்ள பற்றீரியாக்கள் கூடுதல் சுமைக்கேற்பப் பெருக அவகாசம் தந்து, சில வாரங்களின் பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களின் அழகில் மயங்க வேண்டாம். அவற்றுள் பல உயிருள்ள முருகையைக் கொறித்தே வாழ்பவை. தொட்டியில் வேறெதையும் உண்ணாது மெலிந்து இறந்துவிடும். இலங்கையிலிருந்து கடல் அலங்கார மீன்கள் 1930 களிலிருந்தே ஏற்றுமதியாகி வருகின்றன. பல கரையோரக் குடும்பங்கள் அதில் தங்கியுள்ளன. கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சுழியோடியின் தொழிலையும், முருகைமேல் விரித்து அதனை உடைக்கும் தடைசெய்யப்பட்ட மொக்சி வலையையும் ஒன்றாக எண்ணுவது நியாயமாகாது. வாங்கும்போது மீன் எவ்வாறு பிடிக்கப்பட்டது எனக் கேட்பவர் கூடினால் விற்பவரும் அதனைக் கேட்டறிவார்.

மென்முருகைகளை மூன்று, நான்கு மாதங்களின் பின்னரும், கல்முருகைகளை ஓராண்டை அண்டியும் முயலலாம். வேறு வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் வளர்ந்தவற்றிலிருந்து நறுக்கிய துண்டுகள் எளிதில் பற்றிக்கொள்ளும். அவற்றையும் சட்டபூர்வமான வழியில் வந்தவை என்று உறுதிப்படுத்திய பின்னரே பெற வேண்டும்.

தொட்டியைத் தொடர இயலாமற் போகும் நிலையும் ஏற்படலாம். வெளிநாடு செல்வோர், வீடு மாறுவோர் உள்ளனர். அப்போது மீனையும் கல்லையும் அருகிலுள்ள கடலிலோ களப்பிலோ விட்டுவிடுவது கருணையாகத் தோன்றும். எமது கரைகளிலும் இந்து, பசுபிக் சமுத்திரங்களிலும் இயல்பாக வாழும் சிங்கமீன் 1985 இல் புளோரிடாக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதற்கு மூலம் எனக் கருதப்படுகின்றது. இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களை உண்டுவருகின்றது. வைத்திருக்க இயலாத உயிர்களை வேறொரு வளர்ப்பாளரிடமோ, ஏற்றுக்கொள்ளும் கடையிலோ ஒப்படைக்கலாம். கல்லை மாத்திரம் நன்னீரில் கழுவி வெயிலில் உலரவைத்தால் அடுத்து தொடங்குபவருக்கு உதவும்.